கிளிக் வராத போல்ட்

செத்துப்போன ஒரு மெக்கானிக்கோடு சேர்ந்து நான் என்ஜின் கட்டியிருக்கிறேன். அவர் போல்ட் முறுக்கினார், நான் விளக்குப் பிடித்தேன். வேலையில் அப்படி ஒரு சுத்தம். உயிரோடு இருக்கிற மெக்கானிக் எவனும் அவர் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். என் வீட்டிலும் சிரித்தார்கள். "இவர் எது சொன்னாலும் நாலால வகுத்துக்கங்க" என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே என் மனைவி சொல்லிவிடுவாள். அதில் நியாயம் இருக்கிறது. பஸ் டிப்போவின் என்ஜின் பிரிவில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். டிரைவர் இறங்கிப் போன பிறகும் ஒரு பஸ் தானாகவே டிப்போவுக்குத் திரும்பி வந்து, தன் இடத்தில் ஒழுங்காக நின்றது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய். உண்மையில் அது பாதி தூரம்தான் வந்தது.

ஆனால் இப்போது சொல்லப்போவதை மட்டும் வகுக்காதீர்கள். இது நடந்தது. என் கையில் விளக்கு இருந்தது. என் கண் திறந்திருந்தது.

பேய்க் கதை என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்க வேண்டும், என் பேய்க்குப் பகல் ஷிஃப்ட். மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு வந்தது.

என் மாப்பிள்ளை ஒரு வேகப் பைத்தியம். தங்கமான மனிதர், ஆனால் பைத்தியம். நல்ல கம்பெனி வேலையை உதறிவிட்டு, மூன்று வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு ஷெட்டைப் பிடித்து, சின்னக் கார்களுக்குக் குதிரைசக்தி ஏற்றித் தரும் தொழிலில் இறங்கினார். அவருடைய சொந்தக் கார் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ வைத்த குட்டி வண்டி. தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ ஒரு ராட்சதன் கழற்றிப் போட்ட ஒற்றைச் செருப்பு மாதிரி இருக்கும். கம்பெனி அதற்குக் கொடுத்தது நூறு குதிரை. மாப்பிள்ளைக்கு இருநூறு வேண்டும்.

அது எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற விசிறி. இன்னும் அமுக்கச் சொன்னால் குதிரைகள் கூடும். ஆனால் குதிரை கூடினால் லாயம் தாங்க வேண்டுமே! உள்ளே ஓடுகிற பிஸ்டனும், அதைப் பிடித்து மேலும் கீழும் இழுக்கிற கனெக்டிங் ராடும் நூறு குதிரைக் கணக்குக்குச் செய்தவை. இருநூறைக் கட்டினால் ராடு வளையும், அல்லது அறுந்து என்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு, அடித்து இறுக்கிய கெட்டி இரும்பில் செய்ததைப் போட வேண்டும்.

பிஸ்டன் கிடைத்தது. ராடு கிடைக்கவில்லை. அந்த என்ஜினுக்கு அப்படி ஒரு ராடை இப்போது யாரும் செய்வதில்லை. மாப்பிள்ளை அலையாத இடமில்லை. கடைசியில், ஒரு பழைய இரும்புக் கடையில், எண்ணெய்த் துணியில் சுற்றிய மூன்று ராடுகள் கிடைத்தன. கைக்குழந்தையைத் தூக்கி வருவது போல் தூக்கி வந்தார்.

அடுத்த ஞாயிறு மலைப்பாதைப் பந்தயம். ஒவ்வொரு வண்டியாக மேலே ஏற வேண்டும், கடிகாரம்தான் எதிரி. அதில் பெயர் வந்தால் ஷெட்டுக்கு ஆள் வரும். வராவிட்டால் ஷெட்டை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஓட்டப்போவதும் அவரேதான். அந்தப் பாதையில் பள்ளத்தின் பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் உண்டு. மனிதனைத் தடுக்க அது போதும். காரை அல்ல.

இதில் மூன்றாவது ஆள் என் மச்சான், மனைவியின் தம்பி. லேத் பட்டறை வைத்திருக்கிறான். அளவு பார்க்காமல் எதையும் நம்ப மாட்டான் என்பதால் அவனுக்கு நான் வைத்த பெயர் மைக்ரோமீட்டர். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் நிழலை அளந்தான் என்று நான் கிளப்பிவிட்ட கதையை அவன் மனைவியே இன்றுவரை பாதி நம்புகிறாள்.

மச்சான் மூன்று ராடுகளையும் ஒரு நாள் முழுக்க அளந்தான். வளைவு பார்த்தான். சாயம் பூசிக் கீறல் பார்த்தான்.

"ஒரு குறையும் இல்ல. புதுசைவிட நல்லா இருக்கு."

"இதுக்கு முன்னாடி எந்த வண்டியில இருந்துச்சாம்?" என்றேன்.

"இரும்புக்கு யாராவது ஜாதகம் பார்ப்பாங்களா, அத்தான்?"

மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்தேன்.

இங்கே ஷெட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராடை, அதன் அடியில் சுழல்கிற கிராங்க் தண்டோடு சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டுக்கு உயிர் போகிற முக்கியம் உண்டு. அதைக் கைபோன போக்கில் முறுக்கக் கூடாது. அதற்கென்று ஒரு ரெஞ்ச். எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அந்த எண்ணை அதன் கைப்பிடியில் வைத்துவிட்டு முறுக்கினால், அந்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று ஒரு சத்தம். கையிலும் ஒரு சின்ன உதறல் தெரியும். அதோடு நிறுத்திவிட வேண்டும். முறுக்கியவர் போல்ட்டின் தலையில் வெள்ளைக் கோடு ஒன்று இழுப்பார். இரண்டாவது ஆள் அதே ரெஞ்சை வைத்து அழுத்தி, கிளிக் வருகிறதா என்று பார்த்துவிட்டு மஞ்சள் கோடு இழுப்பார். இரண்டு கோடும் இல்லாத என்ஜினை மாப்பிள்ளை மூடுவதே இல்லை.

புதன்கிழமை போல்ட் முறுக்கினார்கள். வெள்ளை மாப்பிள்ளை, மஞ்சள் மச்சான். எனக்கு நிறம் ஒதுக்கவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு உள்ள வேலை விளக்குப் பிடிப்பது, தொணதொணப்பது. அன்று மாலை அதுவும் இல்லை, வீட்டில் இருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினோம்.

முதலில் கண்ணில் பட்டது ரெஞ்ச். வேலை முடிந்ததும் அதன் எண்ணைக் கடைசிவரை இறக்கி வைப்பது கட்டாயம். இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து பொய்யளவு காட்டும். மாப்பிள்ளை சாப்பிட மறந்தாலும் அதை மறக்க மாட்டார். அன்று காலை எண் இறங்கவில்லை. ராடு போல்ட்டுக்கு வைத்த அதே எண்.

"மாமா, ரெஞ்சை எடுத்தீங்களா?"

"நான் நேத்தே வீட்டுக்குப் போயாச்சே, மாப்பிள்ளை."

பிறகு என்ஜின். அதை மாட்டியிருந்த ஸ்டாண்டில் எப்படி வேண்டுமானாலும் புரட்டலாம். நிமிர்த்தி வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது அது மல்லாந்து கிடந்தது. அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு. ராடு போல்ட்டுகள் வெளியே தெரிய.

பிளாஸ்டிக் தாள் நாலாக மடித்து பெஞ்சின் ஓரத்தில் இருந்தது. மாப்பிள்ளை தன் சட்டையைக்கூட மடிக்கத் தெரியாதவர்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்க மாட்டார்களா பின்னே! போன மாதம்தான் மாப்பிள்ளையின் வண்டியில் பிரேக்கை மிதித்தால் ஹார்ன் அடிக்கிற மாதிரி வயரை மாற்றிவைத்திருந்தேன்.

"அத்தான், வயசுக்கேத்த விளையாட்டு விளையாடுங்க," என்றான் மச்சான். அவன் முகம் மட்டும் ஏதோ வெளிறிப் போயிருந்தது. தூக்கம் போதவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, ஜோக் வேண்டாம். ஒரே ஒரு தடவை நேராச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அவரை அந்த வண்டியில ஏத்தலாமா?"

"நாளைக்கு நானே கூட இருந்து பார்த்துட்டுச் சொல்றேன்மா."

"உங்க வாக்கை நம்பித்தான் அனுப்புவேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம். மாப்பிள்ளை சாப்பிட வீட்டுக்குப் போனார். மச்சான் தன் பட்டறைக்குப் போயிருந்தான். நான் ஷட்டரைத் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு இறக்கினேன். சுவர் ஓரமாக, ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிப் போட்ட பின்சீட்டு கிடந்தது. அதில் சாய்ந்தேன். ஒன்றரைக்குக் கரண்ட் போனது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. ஷட்டரின் அடியில் ஒரு கீற்று வெயில். மற்ற இடமெல்லாம் இருட்டு.

தூங்கவில்லை. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தூங்கினால் நான் விடுகிற குறட்டைக்கு ஷட்டர் ஆடும்.

ஒன்று நாற்பது.

கிர்ர்...

ரெஞ்சைப் பின்னால் இழுக்கும்போது அதன் பற்கள் உரசுகிற சத்தம். முப்பத்தாறு வருடம் கேட்ட சத்தம். மாப்பிள்ளை வந்துவிட்டார் போல என்று கண்ணைத் திறக்கவில்லை.

கிர்ர்... ஒரு அழுத்தம். ஸ்டாண்டு முனகியது. மறுபடி, கிர்ர்...

"லைட்டைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க."

கிசுகிசுப்பு இல்லை. எதிரொலி இல்லை. வேலையில் களைத்த ஒரு மனிதரின் குரல், அவ்வளவுதான். கொஞ்சம் உரக்க. ஆறடியில் இருப்பவனிடம் அவ்வளவு உரக்கப் பேசத் தேவையில்லை.

எழுந்தேன். பெஞ்சிலிருந்து கைவிளக்கை எடுத்தேன். பழக்கதோஷம் ஐயா! விளக்குக் கேட்டால் கை தானாக நீளும். என்ஜின் மல்லாந்து கிடந்தது. மூன்றாவது ராடின் மேல் வெளிச்சத்தைப் பிடித்தேன்.

அப்புறம்தான் தோன்றியது. மாப்பிள்ளை 'மாமா' போடாமல் என்னோடு பேசியதே இல்லையே...

ரெஞ்ச் போல்ட்டின் மேல் இருந்தது.

அதைப் பிடித்திருந்த கை இல்லை.

கைப்பிடியின் ரப்பரில் நான்கு பள்ளங்கள். விரல்கள் அழுத்தினால் விழுகிற பள்ளங்கள். அழுந்தின... தளர்ந்தன... மறுபடி அழுந்தின.

கைப்பிடி நகர்ந்தது. போல்ட் திரும்பியது. என் கண்ணெதிரே, வெள்ளைக் கோடும் மஞ்சள் கோடும் சேர்ந்து திரும்பின.

"வந்துச்சா?"

"எது?"

"கிளிக்."

"...இல்ல."

கிர்ர்... அழுத்தம். போல்ட் திரும்பியது.

"வந்துச்சா?"

"இல்ல."

ஓடியிருக்கலாம். ஷட்டர் பத்தடியில் இருந்தது. ஆனால் விளக்குப் பிடித்திருக்கிறேனே... வேலை நடக்கும்போது விளக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் மனிதனா? சொன்னால் சிரிப்பீர்கள். அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது.

கிர்ர்...

"வந்துச்சா?"

"இல்ல."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கிணற்றில் போட்ட கல் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை என்று தெரிந்தும் காது கொடுத்துக் காத்திருப்பவனின் குரல். எத்தனை வருடம் முறுக்கினாலும் அந்த போல்ட் இறுகாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டார்.

"கொஞ்சம் சரியாக் கேட்டுச் சொல்லுங்க..."

விளக்கு மங்கியது.

கிர்ர்...

"வந்துச்சா?"

எனக்கு ஒரு யோசனை வந்தது. வாழ்நாள் முழுக்கக் கைகொடுத்த யோசனை.

"வந்துச்சு," என்றேன்.

கைப்பிடி நின்றது.

ரப்பரில் ஒரு பள்ளம் மேலே எழும்பியது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

மூச்சு விட்டேன்.

என் இடது காதுக்குள்...

"பொய்."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. ஒரு முழ இடைவெளியில் என் தொப்பை நுழைந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் தெருவில் கிடந்தேன். முழங்கை இரண்டும் தேய்ந்து ரத்தம். மணி இரண்டு ஐந்து. எதிர்க்கடையில் ஒருவர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். உலகம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை வந்தார். மச்சானும் வந்தான். ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

இருவரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். நான் ஷட்டரைத் தாண்டவில்லை.

"கோடு உடையவே இல்ல, மாமா," என்றார் மாப்பிள்ளை. போல்ட்டின் தலையிலிருந்து ராடின் மூடிவரை இழுத்த கோடுகள். போல்ட் ஒரு மயிரிழை திரும்பியிருந்தாலும் அவை முறிந்து தெரியும். இரண்டும் அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தன.

"போல்ட் அசையல. அத்தானோட கற்பனைதான் அசைஞ்சிருக்கு," என்றான் மச்சான்.

"எதுக்கும் ஆறு போல்ட்டையும் இன்னொரு வாட்டி ரெஞ்ச் வெச்சுப் பார்த்துடலாமா, சின்ன மாமா?"

"வேண்டாம்!" மச்சான் கத்தியே விட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இது இழுபடுற போல்ட், மாப்பிள்ளை. சும்மா சும்மா முறுக்கினா வீணாப்போயிடும். ரெண்டு கோடு இருக்கு. மூடுங்க."

நான் கெஞ்சினேன். அந்த ராடுகளைத் தூக்கி எறியுங்கள், பழையதையே போடுங்கள், நூறு குதிரை போதும் என்றேன்.

"மாமா, பஸ் தானா டிப்போவுக்கு வந்துச்சுன்னு சொன்னீங்க. நம்பினேன், பத்து பேர்கிட்ட சொல்லி அவமானப்பட்டேன்," என்றார் மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மகளிடம் போனேன். முழுக்கக் கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, பயத்தில் அல்ல.

"ஒரு போல்ட் சரியில்லன்னு சொல்லியிருந்தா அவரை நிறுத்தியிருப்பேன்பா. பேய்னு வந்து நிக்கிறீங்களே."

"சரிம்மா. போல்ட் சரியில்ல."

"இப்ப சொல்றீங்களா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை என்ஜின் வண்டியில் ஏறியது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. இவ்வளவு இனிமையாக ஓடுகிற என்ஜினை நான் டிப்போவில் கேட்டதில்லை. உருளைகளின் மேல் நிறுத்தி அளந்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றாறு குதிரை. மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். மச்சான் கை தட்டினான். அவனுடைய கை மட்டும்தான் தட்டியது. முகம் தட்டவில்லை.

ஞாயிறு காலை மலை அடிவாரத்தில் நான் சாவியைத் திருடி என் ஷூவுக்குள் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை கையை நீட்டினார், பிள்ளையிடம் நீட்டுவது போல.

"மாமா. சாவி."

மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிட்டேன்.

பத்து இருபதுக்குப் புறப்பட்டார். வண்டி முதல் வளைவில் மறைந்தது. சத்தம் மட்டும் மலையைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறியது. மகள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். சத்தம் ஏறியது... இன்னும் ஏறியது...

டங்.

அவ்வளவுதான். பாத்திரக் கடையில் ஒரு பாத்திரம் விழுகிற மாதிரி. அதற்குப் பிறகு மலையில் ஒரு சத்தமும் இல்லை.

மூன்றாவது ராடு என்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. கொதிக்கிற எண்ணெய் முன்சக்கரங்களுக்கு அடியில் கொட்டி, வண்டி வழுக்கி, அந்த முழங்கால் சுவரை உடைத்துக்கொண்டு நின்றது. ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பின்கதவு வழியாக இறங்கி வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

தப்பித்தார் என்று நாங்கள் நினைத்தோம்.

அவர் மகளைத் தாண்டி நடந்தார். என்னிடம் வந்து நின்றார்.

"பக்கத்துல இருந்து கேட்டாங்க, மாமா. வந்துச்சான்னு."

பந்தயத்துக்காக அந்தப் பக்கத்து சீட்டையே கழற்றிப் போட்டிருந்தார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

மச்சான் அப்போதும் மசியவில்லை. "அதிர்ச்சி. ஹெல்மெட்டுக்குள்ள காது அடைச்சிருக்கும்," என்றான். அறுந்த போல்ட்டைக் கையில் வைத்து உருட்டினான். "இரும்பு களைச்சுப்போச்சு. அவ்வளவுதான்." அறுந்து விழுந்த தலையிலும் இரண்டு கோடுகள் பளிச்சென்று இருந்தன.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை ஒரு வாடிக்கையாளரின் வண்டிக்குச் சக்கரம் மாட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். ரெஞ்சை வைத்து அழுத்தினார். கிளிக். நன்றாகக் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. கிளிக். கிளிக்.

"மாப்பிள்ளை, போதும்."

"இன்னும் வரலையே, மாமா."

கிளிக். கிளிக். கிளிக். போல்ட் முறிந்தது. அவர் முறிந்த துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையை வர்ணிக்கத் தெரியாது. எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காது டாக்டர் எல்லாம் சோதித்தார். காது நன்றாக இருக்கிறது. குண்டூசி விழுந்தால்கூட மாப்பிள்ளை சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சத்தம் மட்டும் அவருக்கு வருவதில்லை. கையிலும் தெரிவதில்லை. வேறு ரெஞ்ச், வேறு வண்டி, வேறு ஷெட்... எதிலும் இல்லை. நாங்கள் பக்கத்தில் நின்று வந்துவிட்டது என்று சொன்னால் நம்புவதில்லை. ஷெட்டை மூடிவிட்டார். இப்போது ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். சாப்பிடும்போதும் டி.வி. பார்க்கும்போதும் அவருடைய வலதுகை மெதுவாக, கொஞ்சம் முன்னால் போய், கொஞ்சம் பின்னால் வருகிறது. மகள் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்கிறாள். விட்டதும் மறுபடி தொடங்குகிறது.

ஷெட்டை மூடிய வாரம், நானும் மச்சானும் அந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மறந்திருக்கவில்லை.

"அந்த மூணு ராடா? ஒரு மெக்கானிக்கோடதுங்க. கெட்டிக்காரர். தானே என்ஜின் கட்டித் தானே ஓட்டிப் பார்ப்பார்."

"எங்க இருக்கார்?"

"அந்த என்ஜின்லதான் போயிட்டார். மூணாவது ராடோட போல்ட் விட்டுப்போச்சு. வண்டியில உருப்படியா எடுத்தது அந்த ராடுங்க மட்டும்தான். கீறல்கூட இல்ல."

"கெட்டிக்காரர்னீங்க? ஒழுங்கா முறுக்கலையா?" என்றான் மச்சான்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அவருக்குக் காது கேக்காதுங்க. காலம் பூரா என்ஜின் பக்கத்துலயே நின்னவர். விரலும் மரத்துப்போச்சு. ரெஞ்சு கிளிக்குனு சொன்னா அவருக்குத் தெரியாது. அதனால லைட்டுப் பிடிக்கிற ஆளைக் கேப்பார், வந்துச்சான்னு. வாயசைவை வெச்சுப் புரிஞ்சுக்குவார். அன்னிக்கு யார் லைட்டுப் பிடிச்சாங்களோ... அவசரமோ என்னமோ... வராமலே வந்துச்சுன்னு சொல்லிட்டாங்க."

திரும்பும்போது மச்சான்தான் வண்டி ஓட்டினான். நான் பேசாமல் வருவது உலக அதிசயம், அவன் அதைக் கவனிக்கவே இல்லை. ஊருக்கு வெளியே வண்டியை ஓரம் கட்டினான். என்ஜினை அணைத்தான். ஸ்டீரிங்கை விடவில்லை.

"அத்தான்."

"சொல்லு மச்சான்."

"புதன்கிழமை... மூணாவது ராடுக்கு நான் ரெஞ்சு வெக்கும்போது மாப்பிள்ளை போன் பேச வெளிய போயிட்டார். எனக்குத் தெரியாது. ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் குனிஞ்சு நிக்கிறார்னு நினைச்சேன்."

லாரி ஒன்று கடந்து போனது. வண்டி ஆடி நின்றது.

"வந்துச்சான்னு கேட்டாங்க. நான் இன்னும் ரெஞ்சை அழுத்தவே இல்ல. மாப்பிள்ளைதானே முறுக்கியிருக்கார், சரியாத்தான் இருக்கும்னு... வந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பக்கம் யாருமே இல்ல."

அவன் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்தான்.

"யாரும் இல்லன்னு பார்த்த பிறகுதான், அத்தான்... மஞ்சக் கோடு போட்டேன்."